பிளாப்பியின் நெற்றியில் சந்தனம்

டைப்ரைட்டரிலிருந்து அக்கா அந்தப் பக்கத்தை உருவிய வேகத்தில் உருளை கரகரவென்று சுற்றியது. கடைசி வரியில் ஒரே ஓர் எழுத்துப் பிழை. உய்யக்கொண்டான் வாய்க்கால் பாசனம் பற்றிய அவளுடைய ஆய்வேட்டில் அந்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது: நாமே ஒரு கம்ப்யூட்டர் கட்டினால் என்ன?

கட்டியும் விட்டேன். எண்பதுகளின் நடுவில், ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்கே அது முதல் கம்ப்யூட்டர். சென்னையிலிருந்து வாங்கி வந்த போர்டு, தென்னூர் பட்டறையில் வளைத்த தகரப் பெட்டி, பச்சை எழுத்துத் திரை. பெட்டி ஒழுங்காக ஓடியது. நான்தான் ஒரு நிலையில் நிற்கவில்லை. அதை எழுப்பி வேலை வாங்குகிற ஆபரேட்டிங் சிஸ்டமாக எதைப் போடுவது, டாஸா, சிபி/எம்மா? கல்லூரி நண்பன் ஒருவன் இதுதான் என்பான், இன்னொருவன் அதுதான் என்பான். இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகவே படும். ஒன்றில் அடித்ததை மற்றது படிக்காது என்பதுதான் தொல்லை. நான் மாறும்போதெல்லாம் அக்காவின் அத்தியாயங்களும் கூடவே குடிபெயர்ந்தன.

"டேய், நீ முடிவு பண்றதுக்குள்ள வாய்க்கால்ல தண்ணியே வத்திடும். மார்கழிக்குள்ள தீசிஸ் குடுக்கலைன்னா எனக்குன்னு சொல்லி வெச்சிருக்கிற காலேஜ் வேலை வேற யாருக்கோ போயிடும்டா" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் அந்த வேலையை நம்பித்தான் அவள் இருந்தாள்.

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள், சிபி/எம்தான் என்று அடித்துச் சொன்னேன். மறுநாள் ஆய்வேடு முழுவதையும் அதற்கு மாற்றிவிட்டு டாஸ் பிரதியை அழித்துவிடுவதாகத் திட்டம். அம்மா விடவில்லை.

"இன்னிக்குப் புஸ்தகம், மெஷின் எதையும் தொடக் கூடாது. எல்லாம் பூஜையில இருக்கு."

"ஒரே ஒரு மணி நேரம்மா!"

"சரஸ்வதிக்கு ஒரு நாள் லீவு குடுடா, பாவம்" என்று சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சுண்டல் தின்றேன்.

விஜயதசமி காலையில், நான் உறையில் போடாமல் விட்டிருந்த பிளாப்பியை எடுத்தேன்; சிபி/எம் இருந்த ஒரே பிளாப்பி அதுதான். உள்ளே இருக்கும் காந்தத் தகடு வெளியே தெரிகிற அந்த நீளமான திறப்பில், நட்ட நடுவே, சந்தனம். அதன்மேல் குங்குமம்.

"அந்த ஓட்டையப் பாத்தா பொட்டுக்குன்னே விட்ட எடம் மாதிரி இருந்துச்சுடா" என்றாள் அம்மா.

டாஸ் பிளாப்பியும் அத்தியாயங்கள் இருந்த பிளாப்பிகளும் காகித உறைக்குள் கிடந்ததால் பொட்டு உறையோடு நின்றுவிட்டது. சந்தனம் ஒட்டிய தகட்டை இனி எந்தப் பெட்டியும் படிக்காது. முந்தின நாள் பொட்டு வைக்கும் முன்பே அம்மா என்னைத் தொட விட்டிருந்தால், ஆய்வேடு முழுவதும் இனி எழுப்ப முடியாத ஒரு சிஸ்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கும். அக்கா என் முகத்தையும் பிளாப்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அப்பாடா! அம்மாவே முடிவு பண்ணிட்டாங்க. இனிமே வாயத் தொறக்காத." நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கிய மாதிரி நானும் சிரித்தேன். மார்கழி பிறக்கும் முன்பே ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள்.

ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது அக்கா காட்டூரில் இருக்கிறாள், அதே கல்லூரியில் வேலை. அந்த ஆய்வேட்டைப் புத்தகமாக்க உட்கார்ந்திருக்கிறாள். பிழை வந்தால் ஒரு விசையைத் தட்டுகிறாள். உருளை சுற்றும் சத்தம் அவள் வீட்டில் இல்லை. சந்தனம் காய்ந்த பிளாப்பி என் மேஜையில் இருக்கிறது. புதிதாகக் கட்டிய பெட்டியில் ஹார்ட் டிஸ்க் உண்டு. அதை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் டாஸ், மறு பாதியில் கைக்கு வந்திருக்கும் யூனிக்ஸ் வகை சிஸ்டம் ஒன்று என்று வரும் ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்க்கப் போகிறேன். அதற்கு முன் அக்காவின் புத்தகத்துக்கு இரண்டு பிரதி எடுத்து உறையில் போட்டு, பொட்டு எங்கே வைக்கலாம் என்று அம்மாவுக்குக் காட்டிவிட வேண்டும்.