கறுப்புச் சட்டைக்காரியும் என் பசாமும்

லண்டன் மோர்டனில் எங்கள் கோயில் மண்டபத்தில் பெரிய வெள்ளிக்குப் பசாம் படிப்பது என் பொறுப்பு. யேசுவின் பாடுகளை ஒப்பாரி ராகத்தில் இழுத்து இழுத்துப் படிப்போமே, அதுதான் பசாம். மன்னாரிலிருந்து எங்களோடு வந்த வழக்கம். நான் படித்தால் கல்லும் கரையும் என்று சனம் சொல்லும். நானும் அதை நம்பிக்கொண்டுதான் திரிந்தேன்.

போன மாரியில் தைரொயிட்டுக்காகக் கழுத்தில் ஒப்பரேஷன் செய்தார்கள். உயிர் தப்பியது, குரல் கெட்டுவிட்டது. ஒரே கரகரப்பு. மேலே ஏறும் இடத்தில் உடைந்துவிடும். போனை எடுத்தால் எதிர்ப்பக்கத்தில் என்னை ஆம்பிளை என்று நினைக்கிறார்கள். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். இனிப் படிக்கமாட்டேன் என்று பாடல் குழுவை நடத்தும் அண்ணையிடம் சொல்லிவிட்டேன். அவர் வற்புறுத்தவில்லை. முன்னொரு வருடம் நான் படித்ததைத் தன் போனில் பதிந்து வைத்திருக்கிறாராம். வேறெங்கும் அதற்குப் பிரதி இல்லை. அதையே ஸ்பீக்கரில் போடுவோம் என்றார். சரி என்றுவிட்டு வீட்டுக்கு வந்து, உயிரோடு இருக்கும்போதே எனக்கு முப்பத்தோராம் நாள் பூசை வைக்கிறார்களே என்று அழுதேன்.

அந்தக் கிழமைதான் என் கணவரின் தமக்கை, என் மச்சாள், பாரிஸிலிருந்து வந்திருந்தார். அங்கே ஒரு ரெஸ்டோரண்டின் குசினியில் பல காலம் வேலை செய்தவர். ஆறுதல் சொல்லுகிற ஆள் இல்லை.

"மூக்கைத் துடைச்சுப்போட்டு இஞ்சை வாரும்" என்று கூப்பிட்டு, டீவியில் பழைய கறுப்பு வெள்ளை வீடியோ ஒன்றைப் போட்டார்.

ஒரு பிரெஞ்சுப் பாடகி. இவளுடைய பாட்டுகள்தான் அந்தக் குசினியில் நாள் முழுக்க ஓடுமாம், அவற்றைக் கேட்டுத்தான் தனக்குப் பிரெஞ்சு வாயில் வந்ததாம். சின்ன வயதில் தெருவில் நின்று பாடியவள், பிறகு ஊரையே எழுந்து நின்று கைதட்ட வைத்தவள், உடம்பை நோய் தின்ற பிறகும் மேடையை விடாதவள் என்று மச்சாள் கதை சொன்னார். செத்து எவ்வளவோ காலமாகியும் பாரிஸில் ரக்ஸி ஓட்டுகிறவன்கூட அவள் பாட்டை முணுமுணுப்பானாம்.

எனக்கு முதலில் சப்பென்று இருந்தது. சாதாரணக் கறுப்புச் சட்டை. நகை நட்டு ஒன்றுமில்லை. காற்றடித்தால் விழுந்துவிடும் உடம்பு, கோணிப்போன விரல்கள். இவளுக்கா இவ்வளவு எடுப்பு என்று நினைத்தேன்.

அப்போதுதான் வாயைத் திறந்தாள். ஐயோ ஆண்டவரே, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இனிய குரல் என்று சொல்லமாட்டேன். தொண்டையை அறுத்துக்கொண்டு வந்த குரல் அது. ஓரிடத்தில் உடைந்தது. அவள் இருமி மறைக்கவில்லை, வெட்கப்படவுமில்லை. உடைந்த இடத்திலேயே நின்றாள். பிறகு அங்கிருந்தே மேலே ஏறினாள். ஒரு மனுசிக்கு இப்படி ஏலுமா என்று வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். ஒரு சொல்கூட விளங்கவில்லை. என்னையறியாமல் சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டு, சிலுவை அடையாளமும் போட்டுவிட்டேன். பிள்ளையைச் சாகக் கொடுத்த தாயா என்று கேட்டேன்.

மச்சாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "காதலிச்சவன் விட்டிட்டுப் போட்டான் எண்டு பாடுறாள். நீர் சிலுவை போடுறீர்."

போடத்தான் செய்வேன். அன்றைக்கு அந்தப் பாட்டை நான் எத்தனை முறை கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

பெரிய வெள்ளி பின்னேரம் நானும் ஒரு கறுப்புச் சேலை உடுத்திக்கொண்டு போனேன். அண்ணை போனை ஸ்பீக்கரில் மாட்டிவிட்டு நின்றார். வேண்டாம் என்று கை காட்டிவிட்டு மைக் முன்னால் போய் நின்றேன். மாதா மகனை மடியில் ஏந்தும் இடத்தில், நான் பயந்தபடியே, குரல் உடைந்தது. நானும் இருமவில்லை. அப்படியே நின்றேன். பிறகு அந்த உடைந்த குரலிலேயே தொடர்ந்தேன். கோயில் பக்கமே போகாத மச்சாள், முன்வரிசையில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

முடிந்ததும் அண்ணை கண் சிவந்து வந்தார்.

"தங்கச்சி, அந்த ரெக்கோர்டிங்கை அழிச்சுப்போட்டன். இனி அதைப் போட்டால் சனம் கேளாது."

என் நல்ல குரல் உலகத்திலேயே அந்தப் போனில் மட்டும்தான் இருந்தது. என்னைக் கேளாமல் அழித்திருக்கிறார். வேறு நாளென்றால் அந்த மனுசனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை.