இருபத்தைந்து வரை எண்ணினேன்

எங்கள் ஊரில் வேலையில்லாத நாள் இருந்தது, விளையாட்டில்லாத நாள் இருக்கவில்லை. ஊர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். தம்பலகாமம் குடாவின் ஓரத்தில் அறுபது வீடு, ஒரு பிள்ளையார் கோயில், ஒரு வாசிகசாலை, மூன்று தேத்தண்ணிக்கடை. குடா என்றால் கடல்தான். ஆனால் கடலுக்குரிய குணம் ஒன்றும் அதற்குக் கிடையாது. சுற்றிவரக் கரை, கிண்ணியாப் பக்கத்தில் மட்டும் ஓர் ஒடுங்கிய வாய். வெளியூர்க்காரர் வந்து நின்று "குளம் நல்ல பெரிசு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நாங்கள் திருத்துவதில்லை.

மார்கழியில் வாடை மழை கொட்டும்போது உதைபந்து. பந்து எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் கோல் விழும். சேறு காய்ந்தால் அதே இடத்தில் கிளித்தட்டு. சித்திரை வருடப்பிறப்புக்குப் போர்த்தேங்காய் அடிப்பார்கள், உடைந்த தேங்காயில் ஒரு கிழமைக்குச் சம்பல். கச்சான் காற்று தொடங்கிவிட்டால் ஆள் உயரப் பட்டங்களுக்கு விண் என்கிற ஓசை நாணைப் பூட்டி ஏற்றுவார்கள். அது இரவு பகலாகக் கூவும், குழந்தைகள் நித்திரை கொள்ளாது, தாய்மார் பட்டக்காரரின் ஏழு தலைமுறையையும் திட்டுவார்கள். ஐப்பசியில் மட்டும் கொஞ்சம் ஓய்ந்ததுபோல இருக்கும். அப்போது ஆண்கள் தூண்டிலை எடுத்துக்கொண்டு கரையில் போய்ச் சும்மா குந்தியிருப்பார்கள். பிறகு அதையும் போட்டியாக்கிவிட்டார்கள்.

எல்லாப் போட்டிக்கும் வாசிகசாலைச் சுவரில் ஒரு பலகை இருந்தது. வென்றவரின் பெயரை வருடா வருடம் அதில் எழுதுவார்கள். எழுதுகிறவர் என் அண்ணன். அவருக்குத் தொழிலே அதுதான். தோணிக்கு இலக்கம், கடைக்குப் பெயர்ப்பலகை, தேர்தல் வந்தால் மதில். அவருடைய எழுத்து அச்சுப்போல இருக்கும். அந்தப் பலகையில் எங்கள் அப்பாவின் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது, தோணி ஓட்டத்துக்கு. சித்தப்பாவின் பெயர் இருந்தது. ஊரில் மீசை முளைத்த எல்லோருடைய பெயரும் ஒரு தடவையாவது இருந்தது. அண்ணனுடையது இருக்கவில்லை.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவருடைய இடது கால் சூம்பிப் போயிருந்தது. தரையில் விளையாடுகிற எதற்கும் அவரைச் சேர்க்கமாட்டார்கள். சேர்க்கமாட்டோம் என்றும் சொல்லமாட்டார்கள். "நீ விசிலைப் பிடி மச்சான், நீதான் நியாயமான ஆள்" என்பார்கள். முப்பது வயது வரைக்கும் அண்ணன் நியாயமான ஆளாகவே இருந்தார். எனக்குப் பத்திக்கொண்டு வரும். அவர் சிரிப்பார்.

தண்ணீரில் கதை வேறு. தண்ணீரில் அண்ணனுக்குக் காலே தேவைப்படவில்லை. தோளும் கையும் மாத்திரம் வேலை செய்யும், மிச்ச உடம்பு பின்னால் வரும். விடியக்காலையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து நீந்துவார். சித்திரை முடிய நடக்கும் குடா நீச்சலுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி நான் மூன்று வருடம் நச்சரித்தேன். நாலாவது வருடம் கொடுத்தார். அன்று வீட்டுக்கு வந்து, "பலகையில ஒருக்கா என்ர பேரை எழுதிப் பார்க்கவேணும் போல கிடக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அம்மா குசினிக்குள் போய் அழுதா.

குடா நீச்சலுக்கு ஒரு சட்டம் உண்டு. எங்கள் கரையிலிருந்து எதிரே இருக்கும் மணல் திட்டுவரை நீந்த வேண்டும். ஒவ்வொரு நீச்சல்காரனுக்கும் பின்னால் அவனுடைய சொந்தக்காரர் ஒருவர் தோணியில் போக வேண்டும், ஆபத்துக்கு உதவ. ஆனால் தோணிக்காரரின் கை நீச்சல்காரனில் பட்டால் அவன் தோற்றான். ஏனென்றால் முன்னொரு வருடம் ஒருவன் கால் பெருவிரலால் தோணியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கையை மட்டும் அழகாக வீசிவீசிப் போய் முதலாம் இடம் எடுத்திருந்தான். இரண்டு கிழமை கழித்துக் கள்ளுக் கொட்டிலில் அவனே அதைச் சொல்லிப் பெருமைப்பட்டான்.

எங்களுக்கு அப்பா இல்லை. சித்தப்பாவின் மகனும் போட்டியில் நீந்தினான், அதனால் சித்தப்பா அவனுக்குப் போக வேண்டும். மிஞ்சியது நான். அப்பா செத்த பிறகு இறால் வலைக்கு அம்மாவும் நானும்தான் தோணியில் போனோம், எனக்குத் துடுப்புப் பிடிக்கத் தெரியும் என்பது ஊருக்குத் தெரியும். இருந்தும் வாசிகசாலையில் கூட்டம் வைத்தார்கள். பொம்பிளைப் பிள்ளை போட்டித் தோணியில் போகலாமா என்று இரண்டு மணித்தியாலம் கதைத்தார்கள். கடைசியில் நடுவர் முடிவு சொன்னார். அவர் கிண்ணியாவில் பலசரக்குக் கடை வைத்திருந்த முதலாளி. எங்கள் ஊரில் ஒருவருக்கும் உறவில்லாதவர், கைமணிக்கூடும் வைத்திருந்தவர், ஆகவே வருடா வருடம் அவர்தான் நடுவர். "கூட வாறவங்க சொந்தமா இரிக்கணும் எண்டுதானே சட்டம். ஆம்பிளையா இரிக்கணும் எண்டு இல்லையே" என்றார். பின்வரிசையில் ஒருவர், "பொம்பிளையைத் தோணியில ஏத்துங்கோ, பிறகு பாருங்கோ" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

போட்டிக்கு முதல்நாள் அண்ணனிடம், "எப்பிடி நீந்தப் போறியள்?" என்று கேட்டேன்.

"கையாலதான்."

"நக்கலை விடுங்கோ. நடு ஓடையில என்ன செய்யப் போறியள்?"

"உனக்குச் சொன்னால் கோயில் ஒலிபெருக்கியில சொன்ன மாதிரி" என்றார். "நீ பேசாமல் பின்னால வா. கையை மட்டும் வைச்சிடாதை."

எனக்குக் கோபம். ஆனால் அவர் சொன்னதில் பிழை இல்லை. என் வாயில் ஒன்றும் தங்காது. முந்தின வருடம் பட்டப் போட்டிக்குச் சித்தப்பாவின் மகனுக்கு அவர் தயாரித்துக் கொடுத்த பசைக் கூட்டை நான் கிணற்றடியில் சொல்ல, மூன்றாம் நாள் ஊர் முழுக்க அதே பசை.

நடு ஓடை என்றது குடாவின் தண்ணீர் வாய்ப்பக்கமாக இழுபடும் இடம். கடல் வற்றும் வற்று நேரத்தில் மேலே பார்த்தால் கண்ணாடி, உள்ளே ஆளைப் பிடித்து இழுக்கும். எல்லோரும் அதை எதிர்த்து நேராகக் கொடியைப் பார்த்து நீந்தி, கைசோர்ந்து, அரைமைல் கீழே போய் ஒதுங்கி, மணலில் கொடிவரை நடந்து வருவார்கள். ஓடுவது குற்றமில்லை, ஆனால் ஓடும் நிலையில் எவனும் வந்து சேர்ந்ததில்லை.

அன்று ஆறு பேர் குதித்தார்கள். கரையில் ஊர் முழுக்க நின்றது. ஓடைக்கு வரும்போது அண்ணன் மூன்றாவது. முன்னால் போன இருவரும் ஓடைக்குள் இறங்கியதும் பக்கவாட்டில் அள்ளுப்பட்டுக்கொண்டு கையை அடிஅடியென்று அடித்தார்கள். அண்ணன் இறங்கினார். நாலு தரம் கை வீசினார். பிறகு நிறுத்திவிட்டார்.

முகம் தண்ணீருக்குள். இரண்டு கையும் விரிந்து கிடந்தன. உடம்பு அப்படியே மிதந்தது, நீரோடு போனது. நான் எண்ணத் தொடங்கினேன். மூச்சுப் பிடிக்கிறார் என்று பத்துவரை நினைத்தேன். பதினைந்தில் "அண்ணை!" என்று கத்தினேன். காதுக்குள் தண்ணீர் இருக்கிறவருக்கு என்ன கேட்கும்? இருபதில் அம்மாவின் முகம் எனக்கு முன்னால் வந்தது. இருபத்தைந்தில் துடுப்பை எறிந்துவிட்டு அவருடைய தலைமயிரைப் பிடித்துத் தூக்கினேன்.

"விடடி!" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தேன், தோளையும் சேர்த்து.

"விடடி, மூதேவி! இன்னும் கொஞ்சம்தான்!"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். மணல் திட்டின் வால் எங்களுக்கு நேரே வந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் ஓடையே வாலை நோக்கி வளைந்து ஓடியது, எதிர்த்து நீந்துகிறவர்களுக்குத்தான் அது தெரியவில்லை. அதற்குப் பின்னால் தண்ணீர் அசையாமல் கிடந்தது, அங்கிருந்து கொடிக்குக் கொஞ்சத் தூரம். ஓடையோடு சண்டை பிடிக்காமல், செத்தவன் போலக் கிடந்து, களைப்பாறிக்கொண்டே போய்ச் சேருவதுதான் அவருடைய திட்டம். முகத்தை வெளியே வைத்தால் அந்தக் கால் கீழே தாழும், அதனால் கவிழ்ந்து கிடக்க வேண்டும். நாற்பது எண்ணும் மட்டும் கிடக்கலாம் என்று விடியக்காலைகளில் பழகி வைத்திருந்தார். மற்றவர்களின் தோணியெல்லாம் தூரத்தில். ஆனால் என் கையை நடுவர் தோணியிலிருந்து முதலாளி பார்த்துவிட்டார். "கை பட்டுட்டு, தங்கச்சி. நான் என்ன செய்யலாம்?" என்றார். அவருக்கும் முகம் கறுத்துப்போயிருந்தது.

கரைக்கு வந்தபோது அந்தப் பின்வரிசைக்காரர்தான் முதல் தொடங்கினார். "நான் அப்பவே சொன்னனான். வெல்லுற ஆளைப் பிடிச்சுக் கெடுத்துப்போட்டாள். பொம்பிளைக்குத் தோணி கேக்குதாம்!" இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். என்னுடைய வாய் அன்றுதான் திறக்கவில்லை. அண்ணன் தோணியை விட்டு இறங்கி, நொண்டி நொண்டி வந்து எனக்கு முன்னால் நின்றார்.

"ஆர் கெடுத்தது? நான் தண்ணிக்குள்ள தாண்டு போனனான்" என்றார். "கால் கொளுவிப் பிடிச்சிட்டுது. இவள் தூக்கியிராட்டில் இப்ப நீங்கள் பிரேதம்தான் தேடுவியள்."

எல்லோரும் அடங்கிவிட்டார்கள். ஒருவர் என் தலையைத் தடவினார். அம்மா என்னைக் கட்டிப்பிடித்தா.

வீட்டில், "ஏன் அப்பிடிப் பொய் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"பின்னை? உன்னைத் தின்ன விடுறதோ?" என்றார். அடுத்த நாள் காலை தூரிகையைக் கழுவி எடுத்துக்கொண்டு வாசிகசாலைக்குப் போய், வென்றவனின் பெயரை எழுதிவிட்டு வந்தார். சித்தப்பாவின் மகன். எழுத்து வழமைபோல அழகாக இருந்தது.

எனக்கு மனம் ஆறவில்லை. ஒரு கிழமை கழித்து, வற்று நேரம் பார்த்து ஒரு காய்ந்த தேங்காயைத் தோணியில் கொண்டுபோய் அதே இடத்தில் ஓடைக்குள் போட்டேன். போட்டுவிட்டு எண்ணினேன். நாற்பத்திரண்டில் அது திட்டின் வாலில் போய் முட்டியது. தேங்காய்க்குக் கை இல்லை, அதனால் இரண்டு பிந்திவிட்டது. நான் தோணிக்குள் இருந்து குழறி அழுதேன்.

அடுத்த வருடம் அண்ணன் மறுபடி பெயர் கொடுக்கப் போனார். வாசிகசாலையில் ஒருவரும் ஏலாது என்று சொல்லவில்லை. "ஒருக்காத் தாண்டனி மச்சான், அம்மாவை யோசி" என்றார்கள். நான் போய் நடந்ததைச் சொன்னேன். ஓடையைச் சொன்னேன், நாற்பதைச் சொன்னேன், தேங்காயைக்கூடச் சொன்னேன். எல்லோரும் என்னை இரக்கமாகப் பார்த்தார்கள். அண்ணனின் மானத்தைக் காக்கத் தங்கச்சி பொய் சொல்கிறாள், பாவம், நல்ல பிள்ளை என்றார்கள். பின்வரிசைக்காரர் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார்.

அந்த வருடம் முதலாளிக்குச் சுகமில்லை. அதனால் நீச்சலுக்கும் விசில் அண்ணனிடம் வந்தது. கரையில் ஒரு கதிரை போட்டு அவரை இருத்தினார்கள். நான் பக்கத்தில் நின்றேன். நீச்சல்காரர் தண்ணீரின் ஓரத்தில் வரிசையாக நின்று எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வருடமாக என்னால் கேட்க முடியாமல் இருந்ததைக் கேட்டேன்.

"அண்டைக்கு நான் பிடிச்சிருக்காட்டில் வெண்டிருப்பியளோ, அண்ணை?"

எனக்காக ஊருக்கு முன்னால் பொய் சொன்ன மனிசன். இதற்கும் ஒன்று சொல்லுவார் என்றுதான் நினைத்தேன்.

"ஓம்" என்றார். "வெண்டிருப்பன்."

பிறகு விசிலை வாயில் வைத்து ஊதினார். ஆறு பேர் தண்ணீருக்குள் குதித்தார்கள்.