புளிக் கொட்டகையில் நாலு அடி

மளிகைக் கடையில் புதுப்புளி மூட்டையைப் பிரித்தார்கள். அந்த வாசத்தில், மாரண்டஹள்ளிப் பக்கம் எப்போதோ இடித்துவிட்ட புளிக் கொட்டகை எனக்குள் எழுந்து நின்றது. அம்மாவும் மற்றப் பெண்களும் கட்டையால் புளி தட்டும் சத்தம் அங்கே ஓயாது. கொட்டையை விழுங்கிவிடாதபடி தவழும் பிள்ளைகளைப் புடவைக் கிழிசலால் தூணோடு கட்டிப்போடுவார்கள். பள்ளி விட்டதும் ஓடிவந்து தங்கச்சி செல்வியை அவிழ்ப்பேன். பால்டப்பாவில் கொட்டைகளைப் போட்டு மூடி உருட்டுவேன். கலகலவென்று ஓடும் அதைத் தவழ்ந்தே துரத்தியவள் ஒருநாள் எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து நாலு அடி நடந்தாள்.

அந்த வாரமே என்னை அத்தை வீட்டில் விட்டுவிட்டு, செல்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பினாள். பஸ் படியில் நின்றவளிடம் கெஞ்சினேன்.

“அங்க இவளக் கட்டிப் போடாதம்மா, இப்பத்தான் நடக்கறா.”

“நடக்கறாளேன்னுதாண்டி பயமே. மூணாவது மாடியில வேல. கட்டாம எப்புடி வுடறது?”