சுவரில் தெரிந்த தம்பி

எங்கள் கந்தோரில் ஒரு புரொஜெக்டர் இருக்கிறது. பணிப்பாளர்கள் தங்கள் வளர்ச்சியை வளைகோடுகளாகச் சுவரில் பார்த்து மகிழ்வதற்காக வாங்கியது. ஆண்டுக்கு ஒருமுறை மகிழ்வார்கள். மற்ற நாட்களில் அது அலுமாரிக்குள் கிடக்கும். அதை ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டேன். அலுமாரிச் சாவிக்குப் பொறுப்பான சிங்களப் பெண்மணி "மொகட்டத?" என்று காரணம் கேட்டார். தம்பியைப் பார்க்க என்றேன். கிரிக்கெட் பார்க்கப் போகிறேன் என்று அவர் தானாகவே முடிவு செய்து, சிரித்துக்கொண்டு சாவியை எடுத்தார். நான் உண்மை சொல்லும்போது முகத்தில் ஏதோ கோளாறு ஏற்படுகிறது போலும். அந்த மாதம் முழுக்க நான் சொல்லிவந்த பொய்களை எல்லாரும் தயங்காமல் நம்பினார்கள்.

பொய்கள் இரண்டு. ஒன்று அம்மாவுக்கு, மற்றது தம்பிக்கு.

தம்பி லண்டனில் இருக்கிறான். அவனுக்கு வயிற்றில் புற்றுநோய். மருந்து ஏற்றி, முடி கொட்டி, பாதி ஆளாகிவிட்டான். அடுத்த புதன்கிழமை ஒபரேஷன். "அம்மாவுக்குச் சொல்லாதை அண்ணை, எல்லாம் முடிஞ்ச பிறகு நானே சொல்லுறன்" என்று கேட்டிருந்தான். அம்மாவின் இருதயத்தில் ஏற்கெனவே ஒரு குழாய் வைத்திருப்பதால் எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

அம்மா என்னோடு வெள்ளவத்தையில் இருக்கிறார். அவருடைய இரண்டு கண்களிலும் நடுப்பார்வை போய்விட்டது. ஓரம் தெரியும், நடு தெரியாது. ஆளை நேரே பார்த்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகைத் திட்டு ஒன்றுதான் நிற்குமாம். அதனால் எவரையாவது பார்க்க வேண்டுமென்றால் தலையை வேறு பக்கம் திருப்பிக் கடைக்கண்ணால் பார்ப்பார். கைத்தொலைபேசித் திரை அவருக்கு எதுவும் தெரியாத ஒரு சவர்க்காரக் கட்டி. "சின்னவனுக்குச் சொல்லிப்போடாதை. அந்தக் குளிருக்குள்ளை கிடந்து யோசிப்பான்" என்பது அம்மாவின் உத்தரவு. ஆகவே வீடியோ கோலில் அம்மா ஏன் எங்கோ பார்க்கிறார் என்று தம்பி கேட்கும்போதெல்லாம், போன் பழசு, கமரா சரியில்லை என்று சொல்லிவந்தேன். அவன் புதுப் போன் அனுப்பட்டோ என்று கேட்டான். அதை மறுக்க இன்னொரு பொய். வட்டி குட்டி போட்டது.

என் தொழில் மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வரும் சுற்றறிக்கைகளைத் தமிழில் போடுகிறவன். ஒரு பக்கத்தார் சொன்னதை மற்றப் பக்கத்தாருக்கு நோகாதபடி மாற்றி வைப்பதில் முப்பது வருடப் பழக்கம் இருந்தது. வீட்டிலும் அது உதவும் என்று நம்பினேன்.

ஒபரேஷனுக்கு முன் அம்மாவை ஒருமுறை ஆறுதலாகப் பார்த்துக் கதைக்க வேண்டும் என்று தம்பி கேட்டான். ஏன் முன் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அதே வாரம் அம்மாவும் கேட்டார். காலி வீதி மண்டபம் ஒன்றில் நடந்த கலியாணத்தில் மணமக்களைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்களாம். "பொம்பிளையின்ரை மூக்குத்தி கூடத் தெரிஞ்சதடா. சின்னவனையும் அப்பிடிப் போடேலாதே?"

போடலாம். ஆனால் அம்மாவுக்கு அவன் தெரிய வேண்டும், அவனுடைய நோய் தெரியக் கூடாது. இதற்கு விளம்பரம் கொடுத்து ஆள் தேடியிருந்தாலும் என்னைவிடப் பொருத்தமானவன் கிடைத்திருக்கமாட்டான். எந்த இயந்திரமும் என் கையில் பாதி வேலைதான் செய்யும்.

சனிக்கிழமை பின்னேரம் ஐந்தரைக்கு நேரம் குறித்தேன். எங்கள் ஒழுங்கை ஒரு சிறு சந்து, கடலில் போய் முடிகிறது. மேற்குப் பார்த்த யன்னல். ஐந்தரைக்கு வெயில் நேரே உள்ளே வந்து எதிர்ச் சுவரில் படுத்துக்கொள்ளும். அந்த வெளிச்சத்தில் எவருடைய முகமும் வெளிறித்தான் தெரியும். வெளிறிய முகத்தை மறைக்க எல்லாவற்றையும் வெளிறச் செய்வதுதான் என் திட்டம்.

"இருட்டின பிறகு போடுங்கோவன், வடிவாத் தெரியும்" என்றாள் மனைவி.

"அதுதான் இப்ப போடுறன்."

அவளுக்கு இரண்டு பொய்களும் தெரியும். சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றினாள்.

புரொஜெக்டரின் பிளக்குக்குச் சதுரக் கால்கள். எங்கள் சுவரிலோ உருண்டைத் துளைகள். இந்த நாட்டில் இரண்டு வகைப் பிளக்குகளும் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ளாமலே பல காலமாக ஒரே வீட்டில் வாழ்கின்றன. இடையில் ஒரு மாற்றி தேவை. வீட்டில் இருந்த மாற்றியைப் பிரிட்ஜ் பிடித்து வைத்திருந்தது. பிரிட்ஜைக் கழற்றி, மாற்றியை எடுத்து, சாப்பாட்டு மேசையை இழுத்து, புரொஜெக்டரை அகராதி ஒன்றின்மேல் உட்கார வைத்தேன். அகராதிக்கு அது கௌரவமான வேலைதான். வேறு எதற்கும் யாரும் அதைத் தொடுவதில்லை. லப்டொப்பைப் பக்கத்தில் வைத்து, அதன் கமரா பார்க்கும்படி அம்மாவை மேசைக்குப் பின்னால் கதிரையில் இருத்தினேன்.

முதலில் சுவரில் நீலம் மட்டும் வந்தது. சமிக்ஞை இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கேபிளைக் கழற்றி மறுபடி செருகினேன். பிறகு தம்பி வந்தான், தலைகீழாக. முகட்டில் தொங்கவிடும் புரொஜெக்டர்களுக்கான மெனுவில் ஏதோ ஒன்றை அழுத்திவிட்டேன் போலும்.

"என்ன, ஆளைக் கட்டித் தூக்கியிருக்கிறியள்?" என்றாள் மனைவி.

"அண்ணை, நான் கதைக்கலாமோ?" என்று கேட்டது தலைகீழ் வாய்.

"கொஞ்சம் பொறு, உன்னை நிமித்திறன்."

"கெதியா நிமித்து. லண்டன்காரருக்கே உலகம் தலைகீழாத்தான் கிடக்கு" என்றார் அம்மா. அவருக்கு நல்ல சந்தோஷம். நல்ல சேலை உடுத்தியிருந்தார்.

மெனுவுக்குள் தட்டுத் தடுமாறி அவனை நிமிர்த்தினேன். இப்போது சுவரில் கதவளவு தம்பி. தலையில் கம்பளித் தொப்பி, கழுத்துவரை தடித்த சுவெட்டர், கன்னத்தில் அவன் மனைவியின் முகப்பூச்சு கொஞ்சம். பக்கத்தில் அவன் மனைவி. அவள் மதுரைப் பெண். கலியாணம் முடித்த புதிதில் அவள் "அத்தை" என்று கூப்பிட்டபோது, யாரைக் கூப்பிடுகிறாள் என்று அம்மா திரும்பிப் பின்னால் பார்த்தார். எங்களில் மாமியாரை மாமி என்றுதான் கூப்பிடுவது. இன்றுவரை அவளுடைய தமிழை அம்மா வானொலி நாடகத்தைக் கேட்பதுபோலத்தான் கேட்பார்.

நான் புரொஜெக்டரின் முன்னாலிருந்த வளையத்தைத் திருப்பி, படம் கொஞ்சம் கலங்கிய இடத்தில் நிறுத்தினேன். வெயிலும் கைகொடுத்தது. சுவரில் இருந்தவன் என் தம்பியாகவும் இருக்கலாம், தேநீர்க் கறையாகவும் இருக்கலாம்.

"தெரியிறானே அம்மா?"

"தொப்பி தெரியுது."

"இஞ்சை சரியான குளிர் அம்மா" என்றான் தம்பி.

கதைத்தார்கள். சாப்பாடு, பக்கத்து வீடு, உப்பு விலை. கீழே கடற்கரையோரம் ரயில் போனபோது மேசை நடுங்கி, தம்பி சுவரில் குலுங்கினான். எல்லாம் நான் நினைத்தபடியே போய்க்கொண்டிருந்தது. ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. சூரியன் என்னைக் கேட்டு இறங்குவதில்லை. வெயில் சுவரில் மேலேறி மங்க மங்க, தம்பி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தான். முதலில் மூக்கு. பிறகு கண்ணுக்குக் கீழே இருந்த குழிகள். பிறகு பூச்சு நின்றுபோன இடமும் அதற்குக் கீழே தொடங்கிய அவனுடைய சொந்த நிறமும். நான் வளையத்தை இன்னும் கொஞ்சம் திருப்பினேன். கலங்கிய படத்தில் குழிகள் இன்னும் பெரிதாகின.

அம்மா கதைப்பதைக் குறைத்துக்கொண்டார்.

அந்த மௌனத்தை நிரப்பத்தான் மதுரைப் பெண் வாயைத் திறந்தாள், பாவம். "அவருக்கு ரொம்ப வருத்தம் அத்தை," என்றாள். "நேர்ல வந்து உங்களைப் பாக்க முடியலேன்னு."

அவளுடைய ஊரில் வருத்தம் என்றால் கவலை. எங்களுடைய ஊரில் வருத்தம் என்றால் நோய். அவருக்கு ரொம்ப வருத்தம் என்றால் ஆளுக்குக் கடும் நோய் என்று பொருள். வசனத்தின் இரண்டாம் பாதி வருவதற்குள் முதல் பாதி அம்மாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

"என்ன வருத்தம்?" என்றார் அம்மா.

தம்பி தன் மனைவியைப் பார்த்தான். அவளுக்கு விளங்கவில்லை. "வர முடியலேன்னு தான் அத்தை" என்றாள்.

நான் பாய்ந்து விழுந்தேன். "அம்மா, அவ இந்தியத் தமிழிலை சொல்லுறா. அவையின்ரை தமிழிலை வருத்தம் எண்டாக் கவலை. கந்தோரிலை நான் போடுறனானெல்லே, தடங்கலுக்கு வருந்துகிறோம் எண்டு, அது மாதிரி. அது எழுத்துத் தமிழிலையும்..."

"நீ மொழிபெயர்க்காதை" என்றார் அம்மா.

அவர் கையை யன்னல் பக்கம் நீட்டினார்.

"யன்னல் சீலையை இழுத்து விடு. படத்தை வடிவா வை."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் யன்னலைப் பார்த்தாள். எழுந்து, வெளிச்சத்துக்குக் குறுக்கே நடந்தேன். தம்பியின் வாய் என் சட்டைப் பைக்குமேல் அசைந்து, தோளில் ஏறி, திரும்பவும் சுவருக்குப் போயிற்று. சீலையை இழுத்துவிட்டேன். திரும்பி வந்து வளையத்தைச் சரியான இடத்துக்குத் திருப்பினேன். என் வாழ்நாளில் ஓர் இயந்திரத்தை முழுசாக இயக்கியது அந்த ஒரு தடவைதான். கதவளவு முகம். ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாக.

அம்மா தலையைச் சமையலறைப் பக்கம் திருப்பினார். அப்படியே இருந்தார்.

"தொப்பியைக் கழட்டு."

தம்பி கழற்றினான்.

"எப்ப வெட்டப்போகினம்?" அவர் அதைச் சந்தைக்குப் போகும் நாளைக் கேட்பதுபோலக் கேட்டார்.

"புதன்கிழமை, அம்மா."

"எங்கை?"

"வயித்திலை."

அம்மா இன்னும் சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி தொப்பியைக் கையில் பிடித்தபடி முன்னால் குனிந்தான். "அம்மா, கோவமே? நாங்கள் சொல்லேல்லை எண்டு கோவமே? இஞ்சாலை பாருங்கோ அம்மா."

"உன்னைத்தான்டா பாக்கிறன். நேரை பாத்தா நீ இல்லை."

"அண்ணை, என்ன சொல்லுறா?"

போன் பழசு என்று சொல்ல வாய் தானாகவே திறந்தது. அம்மா முந்திக்கொண்டார். "என்ரை கண் நடுவாலை போட்டுது. அவனிலை பிழையில்லை. நான்தான் சொல்ல வேண்டாம் எண்டனான்."

இருவரும் இப்போது என்னைப் பார்த்தார்கள். தம்பி நேரே, அம்மா சமையலறையைப் பார்த்தபடி. ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கும் ஏதாவது சொல்ல இருந்திருக்கும்.

பிறகு அவர்கள் கதைத்த கதையில் எனக்கு வேலை இருக்கவில்லை. எவ்வளவு நேரம் வெட்டுவார்கள், எவ்வளவு எடுப்பார்கள், எந்தப் பக்கமாகப் படுத்தால் நோகுது. கண்ணுக்கு ஊசி போடலாமோ, போட்டால் திரும்புமோ. நோயாளிகள் இருவர் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் சந்தித்துக்கொண்டதுபோல அத்தனை சரளம். தம்பி என்னிடம் சொல்லாத சில விஷயங்களை அம்மாவிடம் சொன்னபோதுதான், அவன் எனக்கும் ஒரு மொழிபெயர்ப்பைத்தான் தந்துவந்திருக்கிறான் என்று விளங்கியது. வைத்தியர் தந்திருந்த நம்பிக்கை நான் நினைத்ததைவிடக் குறைவு.

மனைவி லைட்டைப் போட எழுந்தாள். அம்மா வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"புதன்கிழமை முடிஞ்ச உடனை ஆர் எனக்குச் சொல்லுறது?"

"அண்ணை சொல்லுவார் அம்மா."

"அவன் மாத்திச் சொல்லுவான்." அதில் கோபம் இல்லை. எனக்குச் சளி பிடிக்கும் என்று சொல்வது மாதிரிச் சொன்னார். பிறகு தலையை இன்னும் கொஞ்சம் திருப்பி, சுவரின் விளிம்பில் பாதி வெட்டுப்பட்டு நின்ற மதுரைப் பெண்ணைத் தேடிப் பிடித்தார்.

"பிள்ளை, நீர் சொல்லும். உம்மடை தமிழிலையே சொல்லும். எனக்கு விளங்கும்."

தம்பி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எதுவா இருந்தாலுமா அத்தை?"

"எதெண்டாலும்."

அவள் முகம் முழுசாகத் தெரியும்படி கமராவுக்குள் தள்ளி வந்தாள். "சொல்றேன்" என்றாள்.