டாக்டர் மறந்துவிட்டுப் போன குடை

ஐம்பதுகளின் பின்பாதி. கல்லூரிகளில் பி.யு.சி. என்கிற புகுமுக வகுப்பு புதிதாக வந்திருந்த சமயம். நான் செங்கல்பட்டில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு, வீட்டுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே ஒரு பெரிய மனிதனாக உலவிக்கொண்டிருந்தேன். மார்க்கு மோசமில்லை. ஆனால் சென்னையில் நான் விண்ணப்பம் போட்டிருந்த கல்லூரி, என்னைப் போலத் தமிழில் படித்துவிட்டு வரும் வெளியூர்ப் பிள்ளைகளின் மார்க்கை அப்படியே நம்பத் தயாராக இல்லை. இங்கிலீஷில் ஒரு தேர்வு எழுது, தேறினால் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டது. தேர்வும் பெரிதாக ஒன்றுமில்லை. முன்பின் பார்த்திராத ஒரு பாசேஜைக் கொடுப்பார்கள். அதைப் படித்துப் புரிந்துகொண்டு, கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். அவ்வளவுதான். தூக்குத் தண்டனையைக்கூட அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம்.

தேறாவிட்டால் என்ன என்பதும் முடிவாகியிருந்தது. மகாபலிபுரத்தில் என் தாய்மாமன் ஒரு காபி ஹோட்டல் வைத்திருந்தார். (மாமல்லபுரம் என்று திருத்தமாகச் சொல்லும் வழக்கம் எங்களுக்கு அப்போது வரவில்லை.) அம்மாவின் தம்பி. பிள்ளைகள் கிடையாது. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "பாஸானா காலேஜு, பெயிலானா கல்லா. ரெண்டுமே குந்திகினு செய்யற வேலதான் மாப்ளே, இன்னாத்துக்கு பேஜாராவற?" என்பார். அவர் ஆசையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்தக் கல்லாப்பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கனவில் வந்தது.

அப்பா முன்சீப் கோர்ட்டில் குமாஸ்தா. எங்கிருந்தோ தேடி, பயிற்சிக்கென்று ஒரு பாசேஜ் புத்தகம் வாங்கிவந்து கொடுத்தார். அதை நான் செங்கல்பட்டு முறைப்படி படித்தேன். அதாவது, முழுக்க மனப்பாடம் செய்தேன். பாசேஜ், கேள்வி, பதில், அடியில் இருந்த அச்சாபீஸ் விலாசம் உட்பட எல்லாம் தலைகீழாக வந்தது. பார்த்திராத பாசேஜ் என்பது பார்த்துப் பார்த்துப் புளித்துப்போன பிறகுதான், இனி இதனால் ஒரு பயனும் இல்லை என்பது உறைத்தது.

அப்போதுதான் எனக்கும் என்னோடு அதே தேர்வை எழுதவிருந்த என் வகுப்புத் தோழனுக்கும் பொட்டலக் காகிதம் கண்ணில் பட்டது. எங்கள் ஊரில் வக்கீல்களுக்குப் பஞ்சமில்லை. வக்கீல் வீட்டு இங்கிலீஷ் பேப்பரெல்லாம் எடைக்குப் போய், கடைசியில் மளிகைக்கடையில் புளியும் பருப்பும் மடித்து எங்கள் வீடு வந்து சேரும். அம்மா பொட்டலத்தைக் கொட்டியதும் காகிதத்தை நீவி வைத்துக்கொள்வேன். கடையிலேயே நின்று, எந்தக் காகிதத்தில் மடிக்கலாம் என்று யோசனை சொல்லவும் ஆரம்பித்தேன். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"இன்னா தம்பி, நீ பருப்பு வாங்க வந்தியா, பேப்பர் வாங்க வந்தியா? பருப்ப வேணா ஜோபில கொட்டிக்கினு போ, காகிதத்த தனியா தர்றேன்" என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் காகிதத்தை வாங்கிக்கொண்டேன்.

பொட்டலப் படிப்பில் ஒரே ஒரு சங்கடம். எந்தச் செய்தியும் முழுசாக இருக்காது. ஒரு கப்பல் புறப்படும், போய்ச் சேராது. ஒருவன் கைதாவான், தீர்ப்பு இன்னொருவர் வீட்டு மிளகாய்ப் பொட்டலத்தில் இருக்கும். திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் வேறு ஏதோ சோப்பு விளம்பரம். ஆகவே பின்பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டோம். தோழன் கேள்வி தயாரிப்பான். நான் பதில் சொல்வேன். அவனுடைய கடைசிக் கேள்வி எப்போதும், "அப்புறம் இன்னா ஆச்சு?" என்பதாக இருக்கும். அதில் நான் புலி. பெருங்காய வாசனையோடு இருக்கும் அரைச் செய்தியைப் பார்த்துவிட்டு, கப்பலை மூழ்கடிப்பேன், கைதியை விடுதலை செய்வேன், யாரோ ஒரு கவர்னரின் மனைவிக்குக் காய்ச்சல் வரவழைப்பேன். "எப்டிடா உனுக்கு மட்டும் தோணுது?" என்று அவன் வியப்பான். புரிந்துகொள்ளும் சக்தி எனக்கு அபாரமாக வளர்ந்துவிட்டதாக இருவருமே நம்பினோம்.

தேர்வு நாளன்று பாசஞ்சர் ரயிலில் எழும்பூர் போய் இறங்கினோம். உயரமான கூரை போட்ட நீண்ட கூடம். முன்னால் இருந்தவனின் கழுத்து வியர்ப்பதைப் பார்த்து எனக்கும் வியர்த்தது. பாசேஜ் ஒரு தாளிலும் கேள்விகள் வேறொரு தாளிலுமாகக் கொடுத்தார்கள்.

பாசேஜ் எனக்கு உண்மையிலேயே புரிந்தது. பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில் ஒரு கிழவர் தனியாக இருக்கிறார். யாரோடும் ஒட்டமாட்டார். வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டார். ஒரு மாலை, பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டப்படுகிறது. கிழவர் விளக்கை எடுத்துக்கொண்டு கதவை நோக்கிப் போகிறார். முற்றுப்புள்ளி. பக்கமும் முடிந்தது.

கேள்விகளைப் பார்த்தேன். முதல் சிலவற்றுக்குச் சரசரவென்று எழுதினேன். அடுத்த கேள்வி: டாக்டர் ஏன் திரும்பி வந்தார்?

பாசேஜில் டாக்டரே கிடையாது. வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் திகைத்திருப்பார்கள். எனக்குத் துளியும் திகைப்பு வரவில்லை. நான் படித்த பொட்டலங்களில் முன்பின் தெரியாத ஆட்கள் இப்படித்தான் திடீரென்று வந்து போவார்கள். கதவைத் தட்டியவர் டாக்டர் என்று ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டேன். ஏன் திரும்பினார்? குடையை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அன்று கிழவர் கற்ற பாடம் என்ன என்று கடைசிக் கேள்வி. பிறர் பொருளைப் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எழுதினேன். எனக்கே கண் கலங்கியது.

வெளியே வேப்பமரத்தடியில் தோழன் நின்றிருந்தான். "பாலம் இடிஞ்சி பூட்சுன்னு எழுதினியாடா?" என்றான்.

"எந்தப் பாலம்?"

"அட, டாக்டரோட குதிர வண்டி திரும்பி வந்துதே, அதுக்குத்தான். அப்பால அந்தக் கெழவன் தன் கம்பளிய எடுத்து டாக்டருக்குப் போத்தி விடறானே..."

"இதெல்லாம் எங்கடா இருந்தது?"

அவன் என் தோளில் கை வைத்தான். "பின்பக்கத்துல" என்றான், துக்கம் விசாரிக்கிற குரலில்.

வீட்டில் நன்றாக எழுதியிருக்கிறேன் என்று சொல்லிவைத்தேன். எழுத்து நன்றாகத்தான் இருந்தது. அதன் பிறகு தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றேன். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று பயம். தெருமுனையில் தலை தெரிந்தால் ஏன் வருகிறார் என்று பயம். தோழனுக்குச் சேர்க்கைக் கார்டு வந்தது. எனக்கு வரவில்லை. அம்மா தட்டில் இன்னொரு தோசையைப் போட்டாள். அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

ஒருநாள் காலை அப்பா என் முகத்தைப் பார்க்காமல், "மாமா ஊருக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துட்டு வா" என்றார்.

அப்பா சொன்னது அந்த ஒரு வரிதான். மீதியை நான் புரிந்துகொண்டேன். கல்லூரியிலிருந்து தகவல் வந்துவிட்டது, அப்பா மறைக்கிறார், நான் கல்லாவுக்குத் தாரை வார்க்கப்பட்டுவிட்டேன். துணி மூட்டையோடு திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் மலையும் வயலும் மங்கலாகத் தெரிந்தன. பஸ் ஜன்னலில் கண்ணாடி கிடையாது.

மாமா என்னைக் கண்டதும் கல்லாவிலிருந்து எழுந்து துண்டால் நாற்காலியைத் தட்டிவிட்டார். "குந்து மாப்ளே. நாஸ்தா துன்னுட்டு குந்து" என்றார். குந்தினேன்.

எதிரே தெருவுக்கு அப்பால் பாறைகள். சீசன் இல்லாத நாளிலும் சிலர் பஸ்ஸில் வந்து சிற்பங்களைப் பார்த்துவிட்டு எங்கள் ஹோட்டலில் காபி சாப்பிடுவார்கள். பாதி செதுக்கி அப்படியே விட்ட பாறைகள் அங்கே நிறைய. காலில்லாத தூண், முகம் திறக்காத சிங்கம். இதை ஏன் முடிக்காமல் விட்டார்கள் என்று ஒருவராவது கேட்காமல் போகமாட்டார்கள். மாமா பதில் சொல்லாமல் விடமாட்டார். காலையில் வந்தவர்களுக்கு, ராஜா செத்துப்போயிட்டாரு என்றார். மத்தியானம் வந்தவர்களுக்கு, சண்ட வந்துட்சி. புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்தபோது, சிற்பி ஒரு பெண்ணைப் பார்த்து மனசு உடைந்து உளியைக் கடலில் எறிந்துவிட்டான் என்று சொல்லி, இன்னொரு காபியும் விற்றார்.

"இன்னா மாமா, ஆளுக்கு ஒண்ணா சொல்றீங்க? நிஜமா இன்னாதான் ஆச்சு?" என்றேன்.

"எனுக்கு இன்னாடா தெரியும்? நானா செதுக்கினேன்? கேக்கறான் பாவம், வெறுங்கையோட அனுப்பறதா?"

அன்றைக்குத்தான் தெரிந்தது, என்னுடைய வியாதி தாய்வழிச் சொத்து என்று. கல்லாவில் உட்கார்ந்து கடலிரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, இதே நாற்காலியில் தலை நரைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் ராஜாவைச் சாகடித்துக்கொண்டிருக்கும் என்னையே நான் கண்டேன்.

ஒரு பகல், வெயில் உச்சியில், பஸ்ஸிலிருந்து அப்பா இறங்கினார். கோர்ட்டு நாள். மேலே ஆபீஸ் கோட்டு. கையில் கார்டு. கல்லாவை மூடிவிட்டு எழுந்து நின்றேன்.

"இன்னா மாமா இந்நேரத்துல? ஆபீசு?" என்று அப்பாவைக் கேட்டார் மாமா.

"அரை நாள் லீவு" என்றார் அப்பா. கார்டை என்னிடம் கொடுத்தார். மறுநாள் தேதி போட்டு, அன்று காலை பெற்றோருடன் நேரில் வரவும் என்று மட்டும் இருந்தது. காரணம் இல்லை. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் எங்கள் விலாசம்தான் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொட்டலம், பின்பக்கம், டாக்டர், குடை. அப்பா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்று கிளம்பியது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பனி கொட்டற ஊர்ல குடை எதுக்குடா?"

எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. செங்கல்பட்டில் பனி கொட்டுவதில்லை.

மறுநாள் கல்லூரியில் ஓர் அறைக்கு என்னை மட்டும் கூப்பிட்டார்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்த ஒரு பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் என் விடைத்தாள். நிமிர்ந்து பார்த்து, ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்: "இந்தக் குடை யாருடையது?"

நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். அது பாதி வழியில் என்னைக் கைவிட்டது. தமிழில் மளிகைக்கடையிலிருந்து தொடங்கிச் சொன்னேன். பெருங்காயம் வரும்போது அவர் முகத்தை விடைத்தாளால் மறைத்துக்கொண்டார். கோபமா, சிரிப்பா என்று தெரியவில்லை. பிறகு, "முதல் பக்கத்துக்கு எழுதினது எல்லாம் சரியாத்தான் இருக்கு. அதனாலதான் கூப்பிட்டேன்" என்று சொல்லி வேறொரு தாளை நீட்டினார்.

வாங்கியதும் திருப்பினேன். வெள்ளை. மறுபடி முன்பக்கம் பார்த்தேன். சந்தேகம் வந்து மறுபடி திருப்பினேன். "படிக்கலாம்" என்றார் அவர்.

ஆற்றில் ஓடம் விடும் அண்ணன் தம்பி கதை. ஒருநாள் தம்பி துடுப்பைக் கரையில் வைத்துவிட்டு ஊரைவிட்டே போய்விடுகிறான். அண்ணன் தனியாக ஓடம் விடுகிறான். அவர் கேட்கக் கேட்கச் சொன்னேன். உள்ளங்கை ஈரத்தில் தாள் நைந்துகொண்டிருந்தது. கடைசியாக, "தம்பி ஏன் போய்விட்டான்?" என்றார்.

என் நாக்கின் நுனியில் பாகப்பிரிவினை, காதல், சந்நியாசம் மூன்றும் வரிசையில் நின்றன. மாமாவின் சிற்பிகூட உளியோடு வந்துவிட்டான். நான் மறுபடியும் தாளை ஒரு வரி விடாமல் பார்த்தேன்.

"அத எங்கயும் சொல்லல சார்."

"யோசிச்சுச் சொல்லு. காரணம் இல்லாமலா போவான்?"

"காரணம் இருக்கும் சார். இதுல இல்ல." இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தேன். "பின்னாலயும் இல்ல சார்."

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டு, ஒரு சீட்டில் ஏதோ எழுதி என்னிடம் கொடுத்தார். ஆபீஸ் அறையில் போய்ப் பெயரைப் பதிந்துகொள்ளச் சொன்னார். வராந்தாவில் அப்பா கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டு நின்றிருந்தார். சீட்டைக் கையில் கொடுத்தேன். முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "குடை தப்பிச்சுதா?" என்றார்.

கல்லூரிக்குப் புறப்படும் முன் விடைபெற மகாபலிபுரம் போனேன். மாமாவுக்குச் சந்தோஷம்தான், கல்லா காலியானதில் கொஞ்சம் வருத்தமும். நாற்காலியைத் துண்டால் தட்டியபடி சொன்னார்: "உங்க நைனா ஒரு மாரி மனுசன்டா. 'தினம் தபால்காரன் வர்ற நேரத்துக்கு அவன் வாசல்ல நிக்கறத பாக்க முடியல, உன்னாண்ட கொஞ்ச நாள் வெச்சிக்க, கார்டு வந்தா நானே எட்த்தாறேன்'னு நீ வர்றதுக்கு மொத நாளே வந்து சொல்லிட்டு, காப்பிகூட குடிக்காத பூட்டாரு."

அவர் கொடுத்த காபியைக் குடித்தேன். ஆறியிருந்தது.

பல வருஷங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் கல்யாணப் பத்திரிகை, வைத்தியர் சீட்டு, பஸ் டிக்கெட் எது கைக்கு வந்தாலும் நான் திருப்பிப் பார்க்காமல் கீழே வைப்பதில்லை. மனிதர்கள் விஷயத்தில்தான் இன்னும் அவ்வப்போது குடை என்று எழுதிவிடுகிறேன்.