இரண்டாம் வகுப்புச் சுவரோரம்

லுணுகலைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் முதலில் வருவது அதிபர் அல்ல, இராக்கம்மா. வயது ஐம்பத்திரண்டு. கொழுந்து பறித்து முதுகு போன பிறகு கூட்டும் வேலைக்கு வந்தவர். ஆறரை மணிக்கு வாசலைக் கூட்டி, சருகு, கடதாசி, யோகட் கப், முந்தின நாள் சோறு கட்டிவந்த லஞ்ச் ஷீட் என்ற பிளாஸ்டிக் தாள் எல்லாவற்றையும் இரண்டாம் வகுப்புச் சுவரோரம் குவித்து நெருப்பு வைப்பார்.

அந்த இடத்துக்குக் காரணம் இருந்தது. தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில், லயம் எனும் வரிசை வீடுகளில் இருக்கும் பிள்ளைகள் பனியில் நனைந்து நடந்து வருவார்கள். காற்று அடிக்காத அந்த மூலையில் கை காயவைத்துவிட்டு வகுப்புக்குள் போவார்கள். ஏழு வயது விதுஷாவுக்கு எப்போதும் முன்வரிசை.

"கிட்ட வாடி, ஈர்க்குச்சி. காத்தடிச்சா பறந்துருவ," என்று இராக்கம்மா கூப்பிடுவார்.

விதுஷாவுக்கு ஆஸ்துமா இழுப்பு. மூன்று முறை பதுளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். புகை ஆகாது என்று டாக்டர் சொன்னதும், தாய் சுதர்ஷினி அடுப்பை லயத்துக்கு வெளியே தகரத்தின் கீழ் மாற்றினார். அப்படியும் நிற்கவில்லை. சனி, ஞாயிறு பிள்ளை நன்றாக இருந்தாள். திங்கட்கிழமை பத்து மணிக்கெல்லாம் நெஞ்சு விசிலடித்தது.

"பள்ளிக்கூடம்னா மட்டும் இழுக்குதோ ஒனக்கு?" என்று சுதர்ஷினி ஒருநாள் அகப்பைக் காம்பால் அடித்தார்.

பெப்ரவரியில் சுகாதாரப் பரிசோதகர் ஸப்வான் காற்று மாசு பற்றிப் பேச வந்தார். பிளாஸ்டிக் எரியும் புகை சின்ன நெஞ்சுக்குள் என்ன செய்யும் என்று படம் காட்டினார். இராக்கம்மா விளக்குமாறோடு ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டார்.

"ஒங்க பள்ளிக்கூடத்துக் குப்பையெல்லாம் எங்க போகுது?" என்று ஸப்வான் பிள்ளைகளைக் கேட்டார்.

"ஆயாம்மா எரிப்பாங்க சேர். நாங்க குளிர் காய்வோம்."

"நான்தான் முன்னுக்கு நிப்பேன் சேர்," என்றாள் விதுஷா, பெருமையாக.

பிள்ளைகள் சிரித்தார்கள். ஸப்வான் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் யாரும் இல்லை.

அன்று மாலை இராக்கம்மா மேல்கணக்குக்கு ஏறினார். சுதர்ஷினி தகரத்தின் கீழ் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

"ஒம் புள்ள பொய் சொல்லலம்மா. எல்லாம் நான் வச்ச நெருப்பு."

சுதர்ஷினி பானையை நிமிர்த்தவில்லை. கஞ்சி வடிந்து முடிந்தது.

"நான்தானேக்கா தெனமும் சொல்லி அனுப்புனேன். ஆயாம்மாகிட்டப் போய் நல்லா காயின்னு." பானையை நிமிர்த்தி வைத்துவிட்டு, "அடிக்க வேற அடிச்சேன்," என்றார்.

மறுநாள் முதல் நெருப்பு இல்லை. லஞ்ச் ஷீட் வேண்டாம், சோற்றை டப்பாவில் கொடுத்தனுப்புங்கள் என்று அதிபர் ஜெயகுமார் வீடுகளுக்குக் கடிதம் அனுப்பினார். பாதிப் பேர் கேட்டார்கள். மீதிக் குப்பையை இராக்கம்மா உரச் சாக்கில் கட்டி, பிரதேச சபை டிராக்டர் வரும் மெயின் ரோடு வரை, போன முதுகிலேயே சுமக்கிறார்.

விதுஷாவுக்கு இப்போது வாயில் வைத்து மருந்தை உள்ளிழுக்கும் பம்ப் கொடுத்திருக்கிறார்கள். இழுப்பு குறைந்திருக்கிறது, விடவில்லை. முழுதாக விட இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று டாக்டர் சொல்லவில்லை.

போன திங்கட்கிழமையும் அவள் கரி பிடித்த சுவரோரம் வந்து நின்றாள்.

"இன்னைக்கும் நெருப்பு இல்லையா ஆயாம்மா?"

"இல்ல புள்ள."

உள்ளங்கைக்குள் ஊதிப் பார்த்தாள். இருமல் வந்தது. இராக்கம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கையும் சில்லென்றுதான் இருந்தது.