அடையாளம் போட்ட சிலிண்டர் ஹெட்

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசைக் குடியிருப்பில், ஒரு வீட்டில் கல்யாணமோ சடங்கோ வந்தால், சுற்றியுள்ள வீடுகளின் அண்டா, குண்டான், கரண்டி, தட்டு எல்லாம் அங்கே போய்விடும். விசேஷம் முடிந்து திரும்பி வருவது தன்னுடையதுதானா என்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக ஒவ்வொரு வீடும் பாத்திரத்தின் அடியில் ஆணியால் ஒரு குறி தட்டி வைத்திருக்கும். அடுத்த வீட்டுக்காரியைக் கூடப்பிறந்தவள் என்போம். கரண்டி திரும்பி வந்ததும் அடியைத் திருப்பியும் பார்ப்போம். இரண்டுமே மனதார.

இதை நான் சொல்ல வந்தது கரண்டிக்காக அல்ல. ஒரு ரேஸ் கார் எஞ்சினுக்காக.

என் தங்கை புருஷன் மலைநாட்டில், ஹட்டனுக்குப் பக்கத்தில், தோட்டத்து எல்லையில் தகரக் கொட்டகை போட்டு ஒரு கராஜ் வைத்திருக்கிறார். முன்பு தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். அவருக்குப் பிடித்த பைத்தியத்தின் பெயர் டிராக் ரேஸ். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு மாறியதும் நேர்கோட்டில் பாயும். நாம் தும்மி மூக்கைத் துடைப்பதற்குள் முடிந்துவிடும். ஒரு பஸ் நீளத்துக்கு மேல் நேரான ரோடே இல்லாத ஊரில் பிறந்த மனுஷனுக்கு இந்த ஆசை எப்படி வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

எஞ்சின் மட்டும் என்னுடையது. என் பழைய ஜப்பான் காரின் உடம்பு துருப்பிடித்து உதிர்ந்துபோக, எஞ்சினை மச்சானிடம் கொடுத்தேன். கொடுத்தேனே தவிர நம்பிக் கொடுக்கவில்லை. பாடசாலையில் சரித்திரம் படிப்பிக்கிறவன் நான். வீட்டில் ஓர் அலமாரி நிறையத் துப்பறியும் நாவல்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் பால்காரனைக்கூட நம்ப மனம் வராது. என் எஞ்சினை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டு, வேறொன்றைக் காட்டி "ஒங்களோடதுதான் மச்சான்" என்று சொல்லமாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

மச்சானின் வித்தை முழுவதும் சிலிண்டர் ஹெட்டில்தான். அது எஞ்சினின் தலை. காற்றும் பெற்றோலும் அதன் வழியாக உள்ளே போகும், புகை அதன் வழியாக வெளியே வரும். கம்பனிக்காரன் வார்த்த வழி குறுகலாக, சொரசொரவென்று இருக்கும். மச்சான் அதை அரைத்து அகலமாக்கி, வழவழவென்று தேய்த்து, பெரிய வால்வுகள் போடுவார். பிறகு ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவ வேண்டும். சீவச்சீவ எஞ்சின் காற்றை இன்னும் இறுக்கி அமுக்கும்; இறுக இறுகப் பலம் கூடும். அந்தச் சீவல் வேலையை டவுனில் லேத் கடை வைத்திருக்கும் நானாவைத் தவிர வேறு யாரிடமும் அவர் கொடுப்பதில்லை. முஸ்லிம் அண்ணன்களை எங்கள் ஊரில் நானா என்போம். இருவரும் சின்ன வயதுச் சிநேகிதர்கள்.

சிநேகிதம் இருந்தாலும் கொழும்புப் பையன்களின் கார்களும் நானாவின் கடைக்கு வரும். தன் ஹெட்டின் வழியை யாராவது அளவெடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று மச்சான் ஹெட்டைப் பழைய சேலையில் சுற்றித்தான் எடுத்துப்போவார். பஸ்ஸில் பார்த்தவர்கள் ஏதோ சாமி சிலை என்று ஒதுங்கி இடம் விட்டார்கள்.

இதற்கு முன் அவர் இரண்டு எஞ்சின்களை ரேஸுக்குக் கொண்டுபோய், இரண்டிலும் பிஸ்டனில் ஓட்டை விழுந்து திரும்பி வந்திருக்கிறார். முதலாவது போனபோது பெற்றோல் செட்டில் மண்ணெண்ணெய் கலந்து விற்றுவிட்டார்கள் என்றார். இரண்டாவது போனபோது பிஸ்டன் விற்ற கடைக்காரனைப் பழித்தார். மூன்றாவது புறப்படுமுன் என் தங்கை வாசலில் நின்று தீர்ப்புச் சொன்னாள்.

"ஜெயிச்சிட்டு வாங்கன்னு நான் கேக்கல. கொண்டுபோற எஞ்சினு முழுசா வீடு வந்து சேரணும். இதுலயும் ஓட்ட விழுந்துச்சு, திங்கக்கெழம காலையில ஃபெக்டரிக்குப் பெரட்டுக்குப் போறீங்க, பழையபடி பேர் கொடுத்து வேலைக்கு. தொரைக்கிட்ட சொல்லி வச்சிட்டேன்."

"அதெல்லாம் முழுசா வரும்" என்றார் மச்சான்.

"வரும் வரும். கடையில வேற எஞ்சினு வாங்கி மாட்டிக்கிட்டும் வரும். ஒங்களத் தெரியாதா?"

மச்சான் லொறியில் ஏறினார். நானாவும் வந்தார், நானும் போனேன். நானா ஏன் வருகிறார் என்று எனக்கு ஒரு யோசனை. நான் ஏன் வருகிறேன் என்று அவருக்கும் இருந்திருக்கும். கினிகத்தேனை மலை இறக்கத்தில் எனக்குத் தலை சுற்றியது. போத்தல் தண்ணீரை ஹட்டனைத் தாண்டும்போதே குடித்து முடித்து, பழக்கதோஷத்தில் மூடியை இறுக்கி மூடி வைத்திருந்தேன்.

ரேஸ் நடந்தது கீழ்நாட்டில், கடலுக்குப் பக்கத்தில், ஒரு பழைய விமான ஓடுபாதையில். அப்படியொரு நேரான ரோட்டைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு நேராக இருந்தால் எங்கேயோ பள்ளம் இருக்கத்தான் வேண்டும்.

இரண்டு ஓட்டம். முதல் ஓட்டத்தில் கார் அம்புபோலப் புறப்பட்டது. பாதி தூரம்கூடப் போகவில்லை. எஞ்சினுக்குள்ளிருந்து கடகடவென்று ஒரு சத்தம், தகரப் பெட்டிக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது மாதிரி. மச்சான் காலை எடுத்துவிட்டார். கார் தானாக உருண்டு போய் ஓரத்தில் நின்றது. எஞ்சினில் ஓட்டை விழவில்லை. ஆனால் இன்னொரு தடவை இந்தச் சத்தம் வந்தால் விழும் என்பது மூவருக்கும் தெரிந்தது.

பக்கத்துக் கூடாரத்தில் ஒரே நிறச் சட்டை போட்ட கொழும்புக்காரர்கள். அவர்களில் ஒருவர் கையில் ஸ்பேனரோடு வந்து, "மல்லி, மொக்கத உனே?" என்று சிங்களத்தில், என்ன ஆச்சு தம்பி என விசாரித்தார். மச்சான் துண்டை எடுத்து எஞ்சினை மூடினார், குளிக்கிற இடத்தில் ஆள் எட்டிப் பார்த்ததுபோல. அந்த ஆள் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பும் எங்களுக்குப் பிடிக்கவில்லை.

மச்சான் என்னைத் தனியாக இழுத்தார். "மச்சான், இது நம்ம ஹெட்டு இல்ல. நம்மள்து இப்பிடி சத்தம் போடாது. மேல நம்ம ஊர்ல எத்தன தடவ ஓட்டிப் பாத்தோம்? பாட்டு மாதிரி இருந்துச்சு. நானா மாத்திட்டாரு."

"சின்ன வயசுச் சிநேகிதருங்க" என்றேன், நியாயம் பேசுகிறவன் மாதிரி.

"அதனாலதான் ஒரு குறி போட்டு வச்சேன். டெப்பட் கவருக்கு அடியில. அங்க யாரும் அரம் போடமாட்டாங்க. கழட்டிப் பாத்தா தெரிஞ்சிரும். அது இல்லன்னு வைங்க, இன்னைக்கோட நானாவுக்கும் எனக்கும் பேச்சில்ல."

டெப்பட் கவர் என்பது ஹெட்டின் மேல் மூடி. நாலைந்து நட்டைக் கழற்றினால் வந்துவிடும். மச்சான் கழற்றினார். நானாவும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். குற்றவாளி எட்டிப் பார்க்கிற விதம் என்று நாவல்களில் படித்திருக்கிறேன். நானாவும் அப்படித்தான் பார்த்தார். நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

துணியால் எண்ணெயைத் துடைத்ததும் மச்சானின் குறி தெரிந்தது. உளியால் தட்டிய மூன்று கோடுகள். ஹெட் மாறவில்லை.

அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழி, ட்ரில்லால் போட்டது.

"இது என்னா?" என்றார் மச்சான்.

நானா அந்தக் குழியில் விரலை வைத்தார். "அது நான் போட்டது வாப்பா. நீ எங்கிட்ட சீவிட்டு, நோகாம இன்னொருத்தன்ட கொண்டுபோய் இன்னும் சீவுவாய். பொறகு ஒடஞ்சா நானா பிழ செஞ்சாருன்னு சொல்லுவாய். அதுக்குத்தான்."

"என்ன நம்பல நீங்க?"

"நீ போட்ட மூணு கோடு என்ன, கோலமா?"

கொஞ்சம் தள்ளி, காம்பஸ் முள்ளால் கீறிய ஒரு கேள்விக்குறி இருந்தது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். கேள்விக்குறியைக் குறியாகப் போடக்கூடிய ஆள் அந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான். மறுத்துப் பயனில்லை. மகளின் காம்பஸ் முனை முறிந்த கதையையும் சேர்த்துச் சொன்னேன்.

"சேர், நீங்களுமா?" என்றார் நானா. அவருக்கு ஏனோ அதில் ஓர் ஆறுதல்.

அப்போதுதான் நாலாவது குறியைப் பார்த்தோம். ஆணியால் தட்டிய ஐந்து புள்ளிகள். நாலு மூலையில் நாலு, நடுவில் ஒன்று. அது யாருடையது என்று மூவருக்கும் தெரியவில்லை. மூவரும் பொய் சொல்வதாக மூவரும் நினைத்தோம். பிறகு மூவரும் ஒன்றாகத் திரும்பிக் கொழும்புக் கூடாரத்தைப் பார்த்தோம். அங்கே அவர்கள் அமைதியாகச் சோற்றுப் பார்சல் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வெயில் தாங்காமல் நான் லொறிக்குப் போனேன். இருக்கையில் என் தண்ணீர்ப் போத்தல் இரண்டு பக்கமும் நசுங்கி, விலா எலும்பு தெரியக் கிடந்தது.

"எவன்யா என் போத்தல் மேல ஒக்காந்தது?" என்று கத்தினேன். "நானா, நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க?"

"இப்ப போத்தலுக்கும் நானாதானா?" என்றார் அவர். "தெறந்து பாருங்க சேர், உள்ளுக்கும் நான்தான் இரிப்பேன்."

மூடியைத் திருகினேன். புஸ் என்று காற்று உள்ளே போனது. போத்தல் டப்பென்று நிமிர்ந்து பழைய உருவத்துக்கு வந்தது. யாரும் அதை மிதிக்கவில்லை. ஹட்டனில் அடைத்த மெல்லிய காற்றைக் கடற்கரைக் காற்று வெளியிலிருந்தே நெரித்திருக்கிறது. பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பாடத்தில் இதெல்லாம் வரும்; எனக்கு அன்றுவரை வரவில்லை.

"இன்னொருக்கா மூடுங்க" என்றார் மச்சான். மூடினேன். இந்த முறை போத்தல் நசுங்கவில்லை. அவர் போத்தலையே பார்த்துக்கொண்டு காரின் மட்கார்டில் சாய்ந்தார்.

"மேல காத்து மெலிசு" என்றார் மெதுவாக. "அந்த மெலிசுக் காத்த அமுக்குறதுக்குத்தான் நான் இவ்வளவு சீவினேன். இங்க காத்து தடிப்பு. அதையும் அதே அளவுக்கு அமுக்கினா, நேரத்துக்கு முன்னயே வெடிக்குது. பெற்றோலும் மேல இருக்கிற காத்துக்குக் கொறச்சு வச்சேன். இங்க அது பத்தாது."

"அப்ப மொதல் ரெண்டு எஞ்சின்?" என்று கேட்டேன்.

மச்சான் குனிந்து ஸ்பேனர் பெட்டியைத் திறந்தார். பெற்றோல் செட்காரரும் பிஸ்டன் கடைக்காரரும் அந்த நிமிடத்தில் விடுதலையானார்கள். அவர்களுக்கு அது தெரியாது.

அதன்பின் மச்சானும் நானாவும் சேர்ந்து வேலை செய்தார்கள். காபரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் ஜெட்டுகளில் பெரியவை ஒரு தைல டப்பாவுக்குள் இருந்தன, அவற்றை மாட்டினார்கள். தீப்பொறி விழும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள். நானா டோர்ச் பிடித்தார். ஒரு நட்டு இறுகவில்லை. பழைய ஸ்பேனர் வழுக்கியது. மச்சான் கொஞ்சம் யோசித்துவிட்டு, கூடாரத்துக்குப் போய் அந்த ஸ்பேனரைக் கேட்டு வாங்கி வந்தார். வாங்கியதும் திருப்பிப் பார்த்தார். குறி எதுவும் இல்லை.

இரண்டாவது ஓட்டத்தில் எஞ்சின் அலறியது. கூழாங்கல் சத்தம் இல்லை. கடைசிவரை போனது. ஜெயிக்கவில்லை, பக்கத்துக் கார் ஒரு மூக்கு முந்தியது. மச்சான் தோற்றவர் மாதிரி இறங்கவில்லை. எஞ்சின்மேல் கையை வைத்து, சூட்டில் எடுத்து, மறுபடியும் வைத்தார்.

மறுநாள் காலை லொறி ஏற்றத்தில் முனகிக்கொண்டு வந்தபோதும் எங்கள் பேச்சு முழுவதும் ஐந்து புள்ளிகள்தான். நானா ஒரு பட்டியல் சொன்னார், மச்சான் இரண்டு ஆளைச் சேர்த்தார். டவுனில் நானா இறங்கிக்கொண்டார். "அடுத்த ஹெட்ட நேரா கொண்டு வா. சேல சுத்தாம" என்று மச்சானிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தங்கை வாசலிலேயே நின்றாள். "ஓட்ட இருக்கா?"

"இல்ல" என்றார் மச்சான்.

"ஸ்டார்ட் பண்ணுங்க." பண்ணினார். கேட்டாள். "நிப்பாட்டுங்க. அந்த மேல் மூடியக் கழட்டுங்க."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். மச்சான் கழற்றினார். அவள் முந்தானையால் எண்ணெயை ஒற்றி எடுத்து, ஐந்து புள்ளிகளையும் விரலால் தடவிப் பார்த்தாள். "சரி. நம்மளோடதுதான்."

"நீயா போட்ட?" என்றார் மச்சான். "நாலு பக்கமும் ஆளத் தேடினோமே!"

"குசினியில அடுப்புக்குப் பக்கத்துல பேப்பர் விரிச்சு இந்த ஹெட்டக் கெடத்தியிருந்தீங்கல்ல? ஆணிய வச்சு ஒரு தட்டு தட்டினேன். நம்ம வீட்டு அண்டாவுல இருக்கிறதும் இதே அஞ்சு புள்ளி. தெனம் நீங்க திங்கிற தட்டுலயும் இதே அஞ்சு புள்ளி." அவள் முந்தானையை உதறினாள். "ஒரு நாளாச்சும் கழுவியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

மச்சான் திங்கட்கிழமை பெரட்டுக்குப் போகவில்லை. கராஜைத் திறந்தார். நான் வீட்டுக்குப் போய், யாரும் பார்க்காத நேரமாக, என் சோற்றுத் தட்டைத் திருப்பிப் பார்த்தேன். அதில் பக்கத்து வீட்டுக் குறி இருந்தது.